விற்கவா, ஓட்டவா

காட்பாடி மேம்பாலத்தின் நிழல்
பதினொரு மணிக்கு எங்கே விழுமோ
அங்கேதான் அத்தீக்கின் பட்டறை.
நிழல் நகர நகர வண்டிகளையும் தள்ளுவார்கள்.

என் பத்மினியின் இடது கதவுக்குக் கீழே
பெயின்ட் ஒரு கொப்புளம் விட்டிருந்தது,
ஐந்து ரூபாய்க் காசு அளவுக்கு.
"இதை மட்டும் சரி பண்ணிக் குடுங்க."
அவர் அதைத் தொடக்கூட இல்லை.
"இன்னா எப்சிபா சிஸ்டர், விக்கவா? ஓட்டவா?"

விற்க என்றால் இரண்டாயிரத்து ஐந்நூறு.
பட்டி வைத்து, தேய்த்து, மேலே பச்சை அடித்து
ஞாயிறு மாலைக்குள் கையில் தருவார்.
ஆறு மாதம் தாங்கும்.
அதற்குள் அது வேறொருவர் வீட்டுக் கொப்புளம்.
ஓட்ட என்றால் விலை சொல்ல மாட்டார்.
"தொறந்து பாத்தாதான் தெரியும்."

இதையேதான் தினமும் நானும் சொல்கிறேன்
கட்டுப் போடும் அறையில்,
சின்னப் புண்தானே சிஸ்டர் என்று
செருப்பைக் கழற்றும் சர்க்கரைக்காரர்களிடம்.
ஆனாலும் "விற்க" என்றேன்.
குடியாத்தத்திலிருந்து ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்.
முன்பணம் என் கைப்பைக்குள் நான்காக மடிந்து கிடந்தது.

பட்டியைக் குழைக்கும் நேரத்தில்
பையன் தரை விரிப்பை உரித்தான்.
அடியில் இன்னொரு பட்டி.
எனக்கு விற்பதற்காக யாரோ பூசியது.
அதற்குள் சிமென்ட் பைத் துண்டு,
ஒரு தினத்தாளின் வரன் தேடும் பக்கம்.
அத்தீக் ஸ்க்ரூடிரைவரால் ஒரு தட்டுத் தட்டினார்.
தட்டிய இடம் இல்லாமல் போனது.
ஓட்டை வழியே தரை தெரிந்தது:
வேப்பஞ்சருகு, பீடித் துண்டு,
எதையோ இழுத்துப் போகும் எறும்பு.
அதற்கு நேர் மேலே ஏறி உட்கார்ந்துதான்
குடியாத்தத்துக்காரரின் மகள்
"இந்த சீட்டு எனக்கு" என்றிருந்தாள்.

துருவை விரலில் தொட்டு நாக்கில் வைத்தார்.
துப்பினார். "உப்பு."
பேரணாம்பட்டில் இருந்த காலத்தில் இந்த வண்டி
டிக்கி நிறைய உப்புத் தோல் சுமந்திருக்கிறது.
மழைதான் தின்றது என்று நினைத்திருந்தேன்.
வேலூரில் ஏது அவ்வளவு மழை.

சாயங்காலமே பஸ் ஏறி முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.
அவருக்குக் கோபம்.
"கூட ரெண்டாயிரம் யாரோ சொல்லிட்டாங்க, இல்ல?"
விளக்க வாய் வரவில்லை. மகள் வெளியே வரவே இல்லை.

பதினோரு நாள்.
நல்ல தகரம் பளிச்சென்று தெரியும்வரை வெட்டி
அதற்கும் இரண்டு விரல் தள்ளி வெட்டினார்கள்.
வெட்ட முடியாத மூலைகளை வயர் பிரஷ்ஷால் சுரண்டி,
உப்புப் போகக் கழுவி, கத்திரி வெயிலில் காயவைத்து,
ராணிப்பேட்டைத் தோல் ஷெட்டிலிருந்து தம்பி கொண்டுவந்த
கடுக்காய்ச் சாற்றைத் தடவினார் அத்தீக்.
செம்மண் நிறம் மெல்ல மெல்ல
மையாகக் கறுத்தது.
"இனிமே அங்கயே கெடக்கும். பரவாது."
"முழுசாப் போயிடுமா?"
"துருவா?" சிரித்தார்.
"காத்து இருக்கற வரிக்கும் அதுவும் இருக்கும்."

பிறகு ரெட் ஆக்சைடு. பிறகு அடியில் தார்.
பதினெட்டாயிரத்து நானூறு, இரண்டு தவணையில்.
பச்சைதான் பொருந்தவில்லை:
பழையது வெயிலில் வெளுத்த பச்சை,
புதியது வாழையிலை.
ஆஸ்பத்திரி வாட்ச்மேன் சொல்கிறான், ஒட்டின வண்டி என்று.
ஒட்டினதுதான். ஓட்டுகிறேன்.

கிளம்பும்போது ஒரு சைக்கிள் கம்பி கொடுத்தார்.
கதவின் அடி விளிம்பில் மூன்று சிறு துளைகள்,
கம்பெனியே போட்டவை, தண்ணீர் வடிய.
யாரோ அழகுக்காக அடைத்து வைத்திருந்தார்கள்.
"மாசம் ஒருவாட்டி குத்தி விடுங்க. அவ்ளோதான் வைத்தியம்."

ஐப்பசியில் ஒரு ராத்திரி கொட்டித் தீர்த்தது.
விடிந்ததும் நைட்டியோடு போய்க் குந்திப் பார்த்தேன்.
முதல் துளையில் சொட்டு.
மூன்றாவதில் சொட்டு.
நடுவில் இல்லை.
கம்பியை விட்டேன். கொஞ்சம் மண்,
கலங்கலாய் ஒரு கோடு,
பிறகு தெளிந்து வந்தது.
விரலில் ஏந்தி நாக்கில் வைத்தேன்.
சப்பென்று இருந்தது.